கல்கியைத் தாண்டி வந்துவிட்டோமா?

தமிழில் கொஞ்சம் தீவிரமாக வாசிப்பவர்களிடம் ஒரு படிக்கட்டுக் கணக்கு உண்டு. முதல் படியில் கல்கி, சாண்டில்யன். அடுத்து சுஜாதா. அப்புறம் தி. ஜானகிராமன். அதற்கும் மேலே அசோகமித்திரன். 'பொன்னியின் செல்வனா? அதெல்லாம் ஸ்கூல் படிக்கறப்போ!' என்று ஒருவர் சொன்னால், தான் மேலே ஏறி வந்துவிட்டதாகச் சொல்கிறார் என்று அர்த்தம்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. வயது ஏற ஏற ரசனை மாறத்தான் செய்கிறது. ஆனால் மாறுவது நாம் கையில் எடுக்கும் புத்தகம் மட்டும்தானா? ஒரே புத்தகத்துக்குள் நாம் யார் பக்கத்தில் போய் உட்காருகிறோம் என்பதும் மாறுகிறது. படிக்கட்டுக் கணக்கில் இது வருவதே இல்லை.

பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்வோம். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு கதை தொடங்குகிறது. பதினாலு வயசில் படிப்பவர் அந்தக் குதிரையில் தானும் ஏறிக்கொள்வார். அவருக்குச் சுந்தர சோழர் கட்டிலில் கிடக்கும் ஒரு நோயாளி, அவ்வளவுதான். அந்த அத்தியாயங்களை வேகமாகப் புரட்டிவிட்டு, 'அடுத்து வந்தியத்தேவன் எங்கே மாட்டிக்கிட்டான்?' என்று தேடுவார்.

ஐம்பதை நெருங்கும்போது கண் அந்தக் கட்டிலருகே நின்றுவிடுகிறது. இளமையில் ஒரு தீவில் நேசித்த பெண் தன்னால்தான் செத்தாள் என்று அந்த மனிதர் ராத்திரிகளில் நடுங்குகிறார். அவளோ உயிரோடு இருக்கிறாள். கடைசியில் அவர் மேல் பாய வந்த வேலைத் தான் வாங்கிக்கொண்டு சாகிறாள். பெரிய பழுவேட்டரையர் விஷயமும் இப்படித்தான். உடம்பில் 64 விழுப்புண், வீட்டில் முதுமையில் மணந்துகொண்ட இளம் மனைவி. சின்ன வயதில் அவரைப் பார்த்தால் சிரிப்பு வரும். பிற்பாடு அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடிவதில்லை.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 1950-ல் இந்தத் தொடரை ஆரம்பித்தபோது கல்கிக்கு வயது 51. 1954-ல் முடித்தார். அதே வருடம் டிசம்பரில் காலமானார். நாம் 'சின்னப் பசங்க புத்தகம்' என்று ஒதுக்குவதை எழுதியவர் ஐம்பதைத் தாண்டிய மனிதர். குதிரையை இளைஞர்களுக்குக் கொடுத்துவிட்டு, கட்டிலைத் தன் வயதுக்காரர்களுக்கு என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதற்காக நாவல் முழுவதையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டாம். மறுவாசிப்பில் நஷ்டமும் உண்டு. ஒட்டுக்கேட்பது, மாறுவேடம், சரியான நேரத்தில் யாராவது வந்து சேர்வது எல்லாம் வாராவாரம் காத்திருந்தவர்களை இழுத்துப் பிடிக்கச் செய்த வேலைகள். முடிவு தெரிந்தபின் ஐந்து பாகங்களையும் சேர்த்துப் படித்தால் அவை அலுக்கின்றன. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வி மட்டும் தப்பிக்கிறது, கல்கி அதற்கு முடிவான பதில் தராததால்.

மேல்படியில் இருக்கும் புத்தகங்களுக்கும் இதே கதைதான். 'மோகமுள்' இருபது வயதில் பாபுவின் தவிப்பு. தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாமேல் அவன் வைத்த ஆசைதான் நாவலே என்று தோன்றும். நாற்பதுக்கு மேல் அந்தத் தவிப்பு கொஞ்சம் நீளம் என்றுகூடப் படும். சங்கீதத்தைத் தவிர வேறெதையும் பெரிதாக நினைக்காத ரங்கண்ணாவும், யமுனா வீட்டில் காசு மெல்ல வற்றிப்போவதும் முன்னால் வந்து நிற்கும்.

ஆனால் எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஐம்பது வயதுக்காரரும் சொல்லக்கூடும். தெருப் பம்பில் குடத்தோடு வரிசையில் நின்ற பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அதில் எவ்வளவு நடக்கிறது என்று தெரியும். அனுபவம் வயது பார்த்து வருவதில்லை.

படிக்கட்டுக் கணக்கால் இரண்டு கெடுதல் நடக்கிறது. 'இதெல்லாம் குப்பை, நல்லதாப் படி' என்று பிள்ளை கையிலிருந்து கல்கியைப் பிடுங்குகிறோம். அது பரவாயில்லை, பிள்ளைகள் ஒளித்து வைத்துப் படித்துவிடும். இரண்டாவது நமக்கே நடப்பது. சாப்பாட்டை மறந்து, பகல் மங்குவது தெரியாமல் படித்த அந்த லயிப்பு நம்மை விட்டுப் போய்விட்டது. இருபது பக்கத்துக்கு ஒருமுறை போனை எடுக்கிறோம். போனதை இழப்பு என்று ஒத்துக்கொள்ள மனசு வராமல், அதற்கு 'முதிர்ச்சி' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

பதினாலு வயதுக்காரர் சுந்தர சோழரைத் தாண்டிப் போனார், சரி. இன்று அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தக் குதிரையில் ஏறத் தெரியுமா?