மூளையும் உயிரும்: பென்பீல்டு நூலின் வாத ஆராய்ச்சி

உடலின் வேறாய் உணர்வுடைய பொருள் ஒன்று உண்டென்று மேல்நாட்டு மூளை மருத்துவர் ஒருவரே எழுதிவைத்தார் எனக் கேட்குமிடத்துச் சைவ நன்மக்கள் மகிழ்தல் இயல்பே. உலகாயதரை மறுக்குங்கால் அவர்தம் பாசறையினின்றே ஒருவர் துணைவந்தாற் போன்றது அம்மகிழ்ச்சி. ஆயினும், ஊன்றுகோலின் உறுதியை நோக்காது அதன்மேற் சாய்வார் கோலோடு தாமும் வீழ்வர். ஆகலின் அம்மருத்துவர் கூறிய ஏதுக்கள் எத்தன்மையன, அவை எவ்வளவு பாரம் தாங்கும் என்பன ஆராயத்தக்கன.

அவர் வில்டர் பென்பீல்டு (1891–1976) என்பார். அவர்தம் நூல், 'மனத்தின் மருமம்' எனத் தமிழிற் பொருள்படும் பெயரினது. 1975-ஆம் ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அச்சகத்தார் வெளியிட்டது. அமெரிக்காவிற் பிறந்து, ஆக்ஸ்போர்டில் ஷெரிங்டனிடம் நரம்பியல் கற்று, கனடாவின் மாண்ட்ரீல் நகரில் 1934-இல் திறக்கப்பெற்ற நரம்பியல் நிலையத்தை நிறுவித் தலைமை தாங்கியவர் அவர். ஆயிரவர்க்கு மேற்பட்ட வலிப்பு நோயாளரின் மூளையைத் திறந்து நேரிற் கண்டவர். கேட்டதைக் கொண்டன்றிக் கண்டதைக் கொண்டு எழுதினாராகலின், அவர் கூற்று ஏனையோர் ஊகத்தோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கதன்று.

நூலின் வாதத்தை அளத்தற்கு முன், மூளையின் அமைப்புச் சிறிது அறியப்படல் வேண்டும். மூளை தொடர்ச்சியான ஒரே வலையன்று. தனித்தனி நரம்பணுக்களின் கூட்டம் என்று நிறுவியவர் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால். அவர்க்கு 1906-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மனித மூளையில் நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி என்பர். கருவில் ஒவ்வோர் அணுவும் நீண்ட இழையொன்றை விடுக்கும். அவ்விழையின் நுனி, வழியிலுள்ள வேதிப்பொருள்களைத் தடவி அறிந்தாற்போல ஊர்ந்து சென்று தனக்குரிய துணையணுவை அடையும். ஓரணு மற்றோரணுவை அடுக்கும் சிறு இடைவெளிக்கு 1897-இல் 'சினாப்சு' எனப் பெயரிட்டவர் பென்பீல்டின் ஆசிரியராகிய ஷெரிங்டனே. குழவிப் பருவத்தில் இவ்விணைப்புகள் வேண்டுவனவற்றினும் மிகுதியாகத் தோன்றும். பின்னர்ப் பயின்றவை வலுப்பெறும். பயிலாதவை பெரும்பாலும் அற்றொழியும்.

இனிப் பென்பீல்டு கையாண்ட முறை வருமாறு. மூளைக்கு வலியுணர்வு இன்று. ஆகலின் தலையின் தோலையும் சூழ்ந்த பகுதிகளையும் மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளர் விழித்துப் பேசிக்கொண்டிருக்கவே மண்டையோட்டைத் திறந்து, மெல்லிய மின்முனையால் மூளைப் புறணியைத் தொட்டனர். இன்னவிடத்தைத் தொடின் கைவிரல் அசையும், இன்னவிடத்தைத் தொடின் நாவில் உணர்ச்சி தோன்றும் எனக் குறித்து, போல்ட்ரே என்பாரோடு 1937-இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் பாடநூல்களில் உள்ளது. நெற்றிப்பொட்டின் உட்புறத்து மடலைத் தொட்டபோது சிலர் பழைய நிகழ்ச்சிகளை மீண்டும் காண்பது போலவும், இசையைக் கேட்பது போலவும் கூறினர். 1963-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அம்மடல் தொடப்பெற்ற 520 நோயாளருள் இவ்வாறு கூறியவர் நாற்பதின்மர்.

இவ்வறிவினின்று பென்பீல்டு எடுத்த ஏதுக்கள் மூன்று. முதலாவது, மின்முனையாற் கை அசைந்தபோது நோயாளர் அதனைத் தம் செயலென்று ஒப்பாது, மருத்துவர் செயலென்றே கூறினர். இரண்டாவது, மின்முனை அசைவையும் உணர்ச்சியையும் நினைவையும் எழுப்பியதேயன்றி, ஒன்றைத் துணிதலையும் நம்புதலையும் எவ்விடத்தும் எழுப்பவில்லை. மூன்றாவது, ஒருவகை வலிப்பு வந்துற்றோர் தம்மை அறியாமலே பழகிய வழியில் நடந்து செல்வர். பின்னர் அது நினைவிராது. ஆண்டு மூளையாகிய கருவி இயங்க, மனம் இயங்கவில்லை என்றார். இவற்றால் மூளை கணிப்பொறி போல்வது, அதனைப் பயிற்றி ஏவுவது மனம், இரண்டும் வேறெனக் கொள்வதே எளிது என்பது அவர் துணிபு. வாழ்நாளெல்லாம் மூளையொன்றாலே மனத்தை விளக்க முயன்று, முதுமையில் இம்முடிபுக்கு வந்தமையை மறையாது உரைத்தமை அவர்தம் நேர்மைக்குச் சான்று.

மூன்றனுள் நூலின் உயிர்நாடி இரண்டாவது ஏதுவே. அதன் வலிமையை முதலில் நோக்குவாம் எனின், அஃது இன்மையைக் காட்டும் ஏது. காணாமை கொண்டு இன்மை துணிதற்கு அளவைநூலார் ஒரு வரையறை கூறுவர்: உளதாயின் காணப்படத் தக்க பொருள், காண்டற்குரிய இடத்தில் காணப்படாதவழியே அஃது இல்லையெனப்படும். இருளிற் குடத்தைக் காணாதான் குடம் இல்லை என்றல் ஆகாது. பென்பீல்டு தொட்டது அறுவைக்கு வேண்டிய இடங்களையே. மூளையின் மடிப்புகளுக்குள்ளும் ஆழத்தும் உள்ள பெரும்பகுதி அவர் மின்முனைக்கு எட்டாதது. ஆகவே அவர் காணாமை இன்மைக்கு ஏதுவாகாமை அந்நாளிலேயே தெளிவு.

பின்வந்தோர் கண்டன இதனை வலியுறுத்துகின்றன. 1991-இல் பிரைடு என்பாரும் அவர் குழுவினரும், மூளையின் இருபாதிகளும் ஒன்றையொன்று நோக்கும் உட்புறத்தே ஓரிடத்தைத் தூண்டியபோது, உறுப்பை அசைத்தல் வேண்டும் என்னும் உந்துதல் எழக் கண்டனர். 2009-இல் பிரான்சு நாட்டுத் தெமூர்ழே, சிரிகு முதலியோர் நோயாளர் எழுவரிடத்து ஆராய்ந்தனர். செவிக்கு மேலாகப் பின்புறத்தமைந்த பகுதியைத் தூண்டுங்கால், கையை அசைக்க வேண்டும், பேசவேண்டும் என்னும் விருப்பம் அவர்க்கு எழுந்தது. மின்விசையை மிகுத்தவழி, தசை சிறிதும் அசையாதிருக்கவும் தாம் அசைத்துவிட்டதாகவே கூறினர். மற்று, இயக்கப் பகுதிக்கு முன்னமைந்த இடத்தைத் தூண்டுங்கால் உறுப்பு உண்மையில் அசைந்தது. அவரோ அசையவில்லை என்று உறுதியாய் மறுத்தனர். 2013-இல் அமெரிக்காவில் பர்வீசி குழுவினர், உட்பக்க மடிப்பொன்றைத் தூண்டியபோது, வரும் இடரை எதிர்த்து நிற்பேன் என்னும் மனவுறுதி எழுந்தமையை நோயாளர் இருவரிடத்துக் குறித்தனர். விருப்பமும் உறுதியும் மின்முனையால் எழா என்னும் அளவில் இரண்டாவது ஏது வீழ்ந்தது.

முதல் ஏதுவும் இதனோடு தளர்கின்றது. 'யான் செய்திலேன்' என்னும் கூற்றைப் பென்பீல்டு மனம் வேறென்பதற்குச் சான்றாக்கினார். செய்யாததனைச் செய்தேன் என்றும், செய்ததனைச் செய்திலேன் என்றும் கூறுவிக்க மின்விசை வல்லதாயின், அக்கூற்றுச் செய்வான் யாவன் என்பதனைத் துணிதற்கு அளவையாகாது. 'யான் செய்தேன்' என்னும் எழுச்சி வேறு, செயல் வேறு என்பதொன்றே அதனாற் பெறப்படும்.

கணிப்பொறி உவமையும் ஒருபுடை ஒப்புமையதே. பொறியின் கம்பிகள் பயன்பாட்டால் மாறுவன அல்ல. மூளையின் இணைப்புகளோ பயிற்சியால் மாறுவன. ஹியூபெல், வீசல் என்னும் இருவர் (1981-இல் நோபெல் பரிசு பெற்றோர்) 1963-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிற் பூனைக்குட்டியின் ஒருகண்ணைப் பிறந்த சில கிழமைகளில் மூடிவைத்துப் பின் திறந்தனர். கண் பழுதற்றிருந்தும், பார்வைக்குரிய புறணியின் அணுக்களுள் மிகச் சிலவே அக்கண்ணுக்கு விடையிறுத்தன. ஏனையவெல்லாம் திறந்திருந்த கண்ணின் வயமாயின. வளர்ந்த பூனையில் இவ்வாறு நிகழ்ந்திலது. இம்மாற்றத்திற்குக் குட்டியின் துணிபு ஏதும் வேண்டப்பட்டிலது. ஒளி புகுந்ததும் புகாமையுமே அமைந்தன. ஆகவே மூளையைப் பயிற்றுவது மனமே என்னும் பென்பீல்டின் கூற்று, பயிற்சியின் ஒருகூற்றைப் பற்றியதேயன்றி முழுமையும் பற்றியதன்று.

அற்றேல், ஏதுக்கள் தளர்ந்தமையின் மூளையே உயிரென்பார் வென்றாரோ எனின், அற்றன்று. ஓர் ஏது பழுதுபட்டமையான் மேற்கோள் பொய்யாகாது. அவ்வேதுவால் அது நிறுவப்பட்டிலது என்பதே பொருள். மேலும், பென்பீல்டு இட்ட எல்லைக்கோடு சித்தாந்தம் இட்ட கோடன்று. அவர் ஒருபுறம் மூளையையும் மறுபுறம் மனத்தையும் வைத்து, நினைத்தல், துணிதல், 'யான்' என எழுதல் ஆகியவற்றை மனத்தின்பாற் படுத்து, அம்மனத்தையே சடமல்லாத பொருளாக்கினார். மெய்கண்டார் சிவஞானபோதத்து நான்காம் சூத்திரத்துள், அந்தக்கரணங்களுள் ஒன்றும் ஆன்மா அன்று என்றே தொடங்குகின்றார். மனம் பற்றுவது, புத்தி துணிவது, அகங்காரம் 'யான்' என எழுவது, சித்தம் சிந்திப்பது. நான்கும் மாயையின் காரியம், சடம். இவற்றின்மேல் வித்தியாதத்துவங்களுள் கலை உயிரின் கிரியையையும், வித்தை அறிவையும், அராகம் இச்சையையும் எழுப்புவன, அவையும் சடமே. சடமாகிய கருவியைத் தொடின் இச்சையும் துணிபும் எழும் என்பது கேட்டுச் சித்தாந்தி திடுக்கிடற்கு இடமில்லை. திடுக்கிடுவார், மனத்தையே உயிரெனக் கொண்டவர்.

மூன்றாம் ஏதுவில் பென்பீல்டு சித்தாந்தத்திற்கு அணுகி வருகின்றார். தலைமைக் கருவி ஓய்ந்தவழி மனம் அறிவதின்று என்று அவர் கண்டார். உயிர் ஆணவமலத்தால் மறைப்புண்டு, கருவிகளோடு கூடியவழியே அறிந்து, அவை நீங்கியவழி அறியாது கிடக்கும் என்பதும், அமைச்சரோடு கூடிய அரசன் போல ஐந்தவத்தையும் உறும் என்பதும் அந்நான்காம் சூத்திரப் பொருளே. ஆயினும் ஈண்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வலிப்பின்பின் நினைவில்லை என்பதால் அப்போது உணர்வே இல்லை எனத் துணிதல் கூடாது. உணர்ந்து மறந்ததும் அவ்வாறே தோன்றும்.

இனி, எதிர்ப்பக்கத்தார் கூறுவதையும் மறையாது உரைத்தல் கடன். 'எனக்கு விருப்பம் எழுந்தது' என்று நோயாளர் கூறுமிடத்து, எழுந்த விருப்பம் அறியப்படுபொருள். அதனை அறிந்தவன் வேறு என்பர் சித்தாந்தியர். அவ்வறிதலும் மூளையின் மற்றொரு பகுதியின் தொழிலே என்பர் எதிர்ப்பக்கத்தார். எந்தக் கருவி அசையின் எந்த உணர்வு எழும் என்பதே ஆராய்ச்சிக்கூடத்தார் காட்டுவது. அவ்வுணர்வு யாருக்கு எழுந்தது என்னும் வழக்கு மின்முனையால் தீர்வதன்று. இருசாராரும் தத்தம் அளவைகளை ஏந்தி நிற்கவேண்டிய களம் அதுவே. சித்தாந்தத்தோடு முரணாமை ஒன்று. சித்தாந்தத்தை நிறுவுதல் மற்றொன்று. 2009-ஆம் ஆண்டு ஆராய்ச்சி முன்னதே செய்தது. பின்னதைச் செய்ததெனப் பறையறைதல் பென்பீல்டு செய்த பிழையையே வேறு முகத்தாற் செய்வதாகும். அங்ஙனமே, இம்மடல் அகங்காரம், அம்மடிப்பு அராகம் எனத் தத்துவங்களை மூளையின் இடங்களோடு ஒன்றாக்கிப் பட்டியலிடுதலும் தகாது. தத்துவங்கள் சூக்குமம் என்பது ஆகம வழக்கு. கத்தியால் அரிந்து காட்டும் தசைத்துண்டுகள் அவையல்ல.

மருத்துவர் அறியாத இடத்திலெல்லாம் உயிரை ஒளித்துவைக்கும் வாதம், அறிவு வளருந்தோறும் உயிரை ஒதுக்கிக்கொண்டே செல்லும். இன்று அறியாத இடம் நாளை அறியப்படும். அன்று உயிர்க்கு இடமின்றாம். கருவிகள் அனைத்தும் அறியப்பட்ட பின்னும் அறிவான் யார் என்னும் வினா எஞ்சும் என்பதே சித்தாந்தத்தின் நிலை. ஆகலின் நரம்பணுவின் ஆராய்ச்சி பெருகப் பெருகச் சைவர் அஞ்சவும் வேண்டா, அவசரப்பட்டு மகிழவும் வேண்டா. பென்பீல்டின் நூலைக் கண்டதைக் கண்டவாறு உரைத்த மருத்துவரின் வாய்மைக்காகக் கற்க. அதன் முடிபைத் தம் கொள்கைக்குத் தூணாக நாட்டாது விடுக. உயிருண்மைக்குத் தூண் வேண்டுவார் சிவஞானபோதத்து மூன்றாம் நான்காம் சூத்திரங்களையும் அவற்றின் உரைகளையும் தடைவிடைகளோடு கற்றல் முறையாகும் என்க.