சூப்பர் ரோபோ டைசென்: ஒரிஜினல் ஜெனரேஷன் – ஒரு விமர்சனம்

சூப்பர் ரோபோ டைசென்: ஒரிஜினல் ஜெனரேஷன் என்பது ஜப்பானின் பான்பிரெஸ்டோ நிறுவனம் கேம் பாய் அட்வான்ஸ் என்னும் கையடக்கக் கருவிக்காக 2002 நவம்பரில் வெளியிட்ட விளையாட்டு. முறைவைத்து ஆடும் போர்த்தந்திர வகையைச் சேர்ந்தது. மனிதர்கள் உள்ளே அமர்ந்து இயக்கும் இராட்சத ரோபோக்களே இதன் காய்கள். 'டைசென்' என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் பெரும்போர் என்று பொருள். அட்லஸ் நிறுவனம் 2006இல் இதை ஆங்கிலத்தில் அமெரிக்காவில் வெளியிட்டது. போரை விளையாட்டாகக் கருதும் மனத்தைப் பற்றி இந்த விளையாட்டு சொல்லும் செய்தியையும், அதன் விதிகள் அந்தச் செய்திக்கு எந்த அளவு துணைநிற்கின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

இந்த வரிசையின் முதல் விளையாட்டு 1991இல் கேம் பாய் கருவிக்கு வந்தது. மாசிங்கர், கெட்டர் ரோபோ, கண்டம் ஆகிய புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடர்களின் ரோபோக்கள் அதில் ஒரே களத்தில் சந்தித்தன. அந்த முதல் ஆட்டத்தில் ரோபோக்களை இயக்கும் மனிதர்கள் கிடையாது. ரோபோக்களே உயிருள்ள பாத்திரங்களாகப் பேசின. ஓட்டுநர்கள் வந்ததும், அவர்களுடைய உறவுகளும் துயரங்களும் கதையின் மையமானதும் பின்னால் நடந்தவை.

பல நிறுவனங்களின் தொடர்களை ஒன்றுசேர்ப்பதால் உரிமச் சிக்கல் எப்போதும் இருந்தது. வெளிநாட்டு வெளியீட்டுக்கு அது பெருந்தடை. ஒரிஜினல் ஜெனரேஷனில் கடன் வாங்கிய பாத்திரங்கள் இல்லை. முந்தைய ஆட்டங்களுக்காகப் பான்பிரெஸ்டோ தானே உருவாக்கிய பாத்திரங்களை மட்டும் ஒரே கதைக்குள் கொண்டுவந்தார்கள். 1996இல் வந்த ஷின் சூப்பர் ரோபோ டைசெனிலிருந்து ரியூசெய் தாதே வந்தான். வொண்டர்ஸ்வான் கருவிக்கான காம்பாக்ட் 2 விளையாட்டிலிருந்து கியோசுகே நான்பு வந்தான். இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தைத் தொடங்கலாம்.

ஆடும் முறை

களம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நம் முறையில் நம் ரோபோக்களை நகர்த்தித் தாக்க வேண்டும். எதிரியின் முறையில் திருப்பித் தாக்குவதா, தடுப்பதா, விலகுவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஒவ்வோர் ஓட்டுநருக்கும் 'மன ஊக்கம்' என்ற அளவு உண்டு. அது 100இல் தொடங்கி 150 வரை உயரும். எதிரியை வீழ்த்தினால் ஏறும். வலிமை மிக்க ஆயுதங்களை ஊக்கம் ஏறிய பிறகுதான் பயன்படுத்த முடியும். ஆகவே யாரை முன்னால் அனுப்புவது, யாரைப் பொறுத்திருக்கச் செய்வது என்ற கணக்கு முதல் நகர்த்தலிலேயே தொடங்கிவிடுகிறது.

இன்னொரு நல்ல விதியும் உண்டு. பெரும்பாலான கட்டங்களில் வெற்றிக்கு மேற்பட்ட கூடுதல் இலக்கு ஒன்று தரப்படும். குறிப்பிட்ட முறைகளுக்குள் முடிப்பது போன்றவை அவை. அவற்றை நிறைவேற்றுபவருக்குப் பிந்தைய கட்டங்கள் கடினமாகும். தடுமாறுபவருக்குச் சற்று எளிதாகும். தேர்ந்த மாணவனுக்குக் கடினமான கணக்கும், திணறுபவனுக்கு எளிய கணக்கும் கொடுப்பது நல்லாசிரியரின் வழக்கம்தானே? அதே நெறிதான் இங்கும். இடையில் சேமித்துவிட்டு எழுந்துபோகும் வசதியும் இருப்பதால், நீண்ட களமாக இருந்தாலும் சிறுசிறு பொழுதுகளில் ஆடி முடிக்கலாம்.

கதை எழுப்பும் கேள்வி

ரியூசெய் ஒரு பள்ளி மாணவன். 'பர்னிங் பிடி' என்ற ரோபோ விளையாட்டில் கெட்டிக்காரன். நாடு முழுவதும் பிள்ளைகள் ஆடும் அந்த விளையாட்டு, உண்மையில் ரோபோ ஓட்டத் தகுதியானவர்களைத் தேடுவதற்கு மறைமுகமாக நடத்தப்படும் தேர்வு. அதன் வழியாகத்தான் ரியூசெய் இராணுவத்துக்குள் வருகிறான். போட்டியில் அவனை வென்ற டென்சான் நாகஜிமா எதிரணியில் சேர்கிறான். உண்மையான போர் மூண்ட பிறகும் டென்சான் அதை விளையாட்டாகவே பார்க்கிறான். அவன் சுடுவது மனிதர்களை என்பது அவன் மனத்தில் ஏறுவதே இல்லை.

இந்தப் பாத்திரம் ஆடுபவரை நோக்கி நீட்டப்பட்ட விரல். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு புள்ளிகளை எண்ணும் நாம் யாருடைய பக்கம் என்று கதை கேட்கிறது. முதற்பகுதியின் எதிரியான அறிஞர் பியான் சோல்டார்க் இக்கேள்வியை இன்னும் சிக்கலாக்குகிறார். வேற்றுலகப் படையெடுப்பை எதிர்கொள்ள மனிதகுலம் வலிமை பெற வேண்டும் என்பதற்காகவே அவர் கிளர்ச்சி செய்கிறார். தம்மை வெல்பவர்களிடம் அந்தப் பொறுப்பை விட்டுச்செல்கிறார். நோக்கம் பெரியது என்பதற்காக அத்தனை உயிர்களைப் பலியிடலாமா என்ற கேள்விக்குக் கதை எளிய பதில் தருவதில்லை.

'ஸ்கூல்' என்னும் பெயர்

ஆசிரியராக இருந்தவர்களை அதிகம் உறுத்துவது லட்டூனி சுபோட்டாவின் கதை. பதினான்கு வயதுப் பெண். பேச்சு மிகக் குறைவு. குழந்தைகளைச் சோதனைக்கு உட்படுத்தி ஓட்டுநர்களாக்கிய ஒரு நிறுவனத்திலிருந்து மீண்டவள். அந்த நிறுவனத்துக்குப் பெயர் 'ஸ்கூல்'. அங்கே பிள்ளைகளுக்கு உலோகத்தின் பெயரும் ஓர் எண்ணுமே அடையாளம். 2005இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே நிறுவனத்தின் அராடோ, ஸியோலா, ஒகா ஆகியோர் வருகிறார்கள். ஒகாவின் நினைவுகளே திருத்தப்பட்டிருக்கின்றன. தம்பி தங்கைகளாக நினைத்தவர்களுக்காக இறுதியில் அவள் உயிரைக் கொடுக்கிறாள். பள்ளி என்ற சொல்லை இப்படி ஓர் இடத்துக்கு வைத்தது தற்செயல் என்று தோன்றவில்லை. பிள்ளையின் திறமையை மட்டும் அளந்து பிள்ளையை மறந்துவிடும் எந்த இடத்தையும் அது சுடுகிறது.

விதிகளும் கதையும்

குறை இங்கேதான் இருக்கிறது. கதை இப்படிப் பேச, விதிகள் வேறொன்றைக் கற்பிக்கின்றன. எதிரியை வீழ்த்தினால் பணம், அனுபவப் புள்ளி, ஊக்கம் மூன்றும் கிடைக்கும். ஆங்கிலப் பதிப்பில் 'மெர்சி' என்ற கட்டளை ஒன்று உண்டு. கருணை என்று பொருள். அதைப் பயன்படுத்தித் தாக்கினால் எதிரி அழியாமல் 10 உயிர்ப்புள்ளியுடன் தப்புவான். ஆனால் ஆடுபவர்கள் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? உயிர் பிழைக்கவிட அல்ல. பின்தங்கிய ஓட்டுநர் ஒருவர் வந்து கடைசி அடியைக் கொடுத்து அனுபவப் புள்ளி பெறுவதற்காக. பல சமயங்களில் அந்தப் பின்தங்கிய ஓட்டுநர் லட்டூனியாகவே இருக்கலாம். 'ஸ்கூல்' அவளுக்குச் செய்ததை, நல்லெண்ணத்துடன் நாமும் செய்துகொண்டிருப்போம். கருணை காட்டி விலகுவதற்குப் பலன் தரும் விதி ஒன்றேனும் இருந்திருந்தால் கதையின் கேள்வி ஆட்டத்துக்குள்ளும் இறங்கியிருக்கும்.

வேறு குறைகளும் உண்டு. பாத்திரங்கள் ஏராளம், முந்தைய ஆட்டங்களை அறியாதவர்களுக்குத் தொடக்கத்தில் பெயர்கள் குழம்பும். உரையாடல்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி நீள்கின்றன.

மதிப்பீடு

போரை விற்கும் விளையாட்டுகள் பல. போரை விளையாட்டாக எண்ணும் மனத்தையே ஒரு பாத்திரமாக்கி ஆடுபவர் முன் நிறுத்தியவை குறைவு. 240க்கு 160 புள்ளிகள் கொண்ட சிறு திரையில் அதைச் செய்தது இந்த ஆக்கத்தின் பெருமை. இதை ஆடும் மாணவர்கள் கட்டங்களுக்கு இடையே வரும் உரையாடல்களைத் தாண்டிச் செல்லாமல் படிக்க வேண்டும். சண்டைக் காட்சிகளைத் தவிர்த்தாலும் நட்டமில்லை. டென்சானும் லட்டூனியும் பேசும் இடங்களைத் தவிர்த்தால் இந்த விளையாட்டில் பாதி கைநழுவிப் போகும்.