தரை மட்டும் எப்படித் தாங்கியது?

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1992இல் வந்த 'தி நெக்ஸ்ட் ஃபேஸ்' அத்தியாயத்தில் லாஜிக் ஓட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை. விபத்தில் சிக்கிய கப்பல் அதிகாரிகள் ஜோர்டியும் ரோவும் யார் கண்ணுக்கும் தெரியாமல் போகிறார்கள்; இறந்துவிட்டதாகவே மற்றவர்கள் நினைக்கிறார்கள். சுவர், மனிதர்கள் என்று எதிர்ப்படும் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து நடக்கிறார்கள். தரை மட்டும் அவர்களைத் தாங்குகிறது. கப்பலில் செயற்கை ஈர்ப்பு உண்டே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஈர்ப்பு கீழே இழுக்கத்தான் செய்யும். விழுகிறவரைத் தடுத்து நிறுத்தத் திடமான தரை வேண்டும். ஆக, அந்தச் சமாதானம் ஓட்டையை இன்னும் பெரிதாக்குகிறது. மூச்சுக்காற்று எப்படி நுரையீரலில் நிற்கிறது? ஜோர்டிக்காவது கண்ணில் கருவி இருக்கிறது. ஒளி உடம்பைக் கடந்து போய்விட்டால் ரோவின் விழித்திரையில் எது படும்?

இப்படித் துருவுகிறவர்களுக்கு ரசிக்கத் தெரியாது என்பது பழைய குற்றச்சாட்டு. எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. தரையைக் கேள்வி கேட்டவருக்குத்தான் எழுதியவரின் கைத்திறன் முழுதாகத் தெரியும். அத்தியாயத்தை எழுதிய ரொனால்ட் டி. மூர் அதில் தரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் தான் சொன்ன விதியை வைத்தே முடிச்சைப் போட்டு, அதை வைத்தே அவிழ்க்கிறார். இருவரும் பொருள்களை ஊடுருவும் இடங்களில் ஒருவகைத் துகள் தடயம் படிகிறது. அதைத் துடைக்கச் சக அதிகாரி டேட்டா பாய்ச்சும் கதிரில்தான் அவர்கள் மீளும் வழியும் இருக்கிறது. எனவே தங்களுக்கு நடக்கும் நினைவுக் கூட்டத்திலேயே தடயங்களைப் பெருக்கி, அந்தக் கதிரை வரவழைக்கிறார்கள். சுவர் தடுக்காது என்ற அதே விதிதான் அவர்களைப் போலவே மாறிப்போய் அவர்களைத் துரத்தும் ரோமுலன் இன எதிரியைக் கப்பலின் வெளிச்சுவர் வழியே விண்வெளிக்குள் தள்ளுகிறது. தரை ஓட்டை அறிவியலில் இருக்கிறது, கதையில் இல்லை.

கதையிலேயே விழுந்த ஓட்டைக்கு 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரில் 1996இல் வந்த 'த்ரெஷோல்ட்' சாட்சி. வெகுதொலைவில் சிக்கிய கப்பலுக்கு வீடு திரும்ப 75 ஆண்டுப் பயணம் என்பதுதான் அந்தத் தொடரின் உயிர். இந்த அத்தியாயத்திலோ, எல்லையற்ற வேகத்தில் எங்கும் போகலாம் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். கப்பலோட்டி பாரிஸ் அந்த வேகத்தில் போய்த் திரும்பியும் வருகிறார். பக்கவிளைவாகப் பாரிஸும், அவர் அதே வேகத்தில் கூட்டிப்போன கேப்டன் ஜேன்வேயும் நீர்நிலவாழ் உயிர்களாக மாறிப்போகிறார்கள். அது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். ஆனால் அதே அத்தியாயத்தில் மருத்துவர் இருவரையும் பழையபடி மனிதர்களாக்கிவிடுகிறார். பிறகு எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்து அதே சிகிச்சையை எடுத்துக்கொள்வதில் என்ன தடை? அதற்குப் பதில் இல்லை. அந்தக் கண்டுபிடிப்பை அப்படியே மறந்துவிட்டு, மீதிப் பருவங்களில் வீட்டுக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பனைக்காக எம்மி விருது வாங்கிய உழைப்பு அதில் இருந்தும், திரைக்கதை எழுதிய பிரான்னன் பிராகாவே அது மோசமான அத்தியாயம் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதில் ரோவின் காலடித் தரையைப் பார்த்த கையோடு, அந்த ரோமுலன் விழும் வெளிச்சுவரையும் பார்க்கத் தவறாதீர்கள்.