அன்செயின்ட் மெலடி: சிறையில் பிறந்த காதல் பாடல்

அன்செயின்ட் மெலடி என்பது 1955-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அன்செயின்ட்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்திற்காக இயற்றப்பட்ட ஆங்கிலக் காதல் பாடல். இசையமைத்தவர் அலெக்ஸ் நார்த். பாடல் எழுதியவர் ஹை சாரெட். தலைப்பைத் தமிழில் 'தளை நீங்கிய பண்' எனலாம். ஆனால் அச்சொல் பாடலுக்குள் எங்கும் வருவதில்லை. படத்தின் பெயரைப் பாட்டில் சேர்க்கும்படி கேட்டபோது சாரெட் மறுத்துவிட்டார். எனவே இது 'அன்செயின்ட் படத்து மெட்டு' என்ற அளவிலேயே பெயர் பெற்றது. படம் மறக்கப்பட்டது, பெயர் மட்டும் பாடலோடு ஒட்டிக்கொண்டது.

மறக்கப்பட்ட அந்தப் படத்தில்தான் பாடலின் பொருள் இருக்கிறது. கலிபோர்னியாவின் சீனோ நகரிலுள்ள சிறையே கதைக்களம். கைதிகளை நம்பிக்கையோடு நடத்திய சீர்திருத்தச் சிறை அது. தப்பிச் செல்ல வழியிருந்தும் தண்டனையை முழுமையாகக் கழிக்க முடிவு செய்யும் ஒருவனின் கதையைப் படம் சொல்கிறது. அங்கே, வீட்டை நினைத்து வாடும் கைதி ஒருவன் கிதார் துணையுடன் இப்பாடலைப் பாடுகிறான். காலம் நகர மறுக்கிறது என்கிறான். அவள் மனம் மாறியிருக்குமோ என அஞ்சுகிறான். காத்திருக்கச் சொல்லிக் கேட்கிறான். சங்க அகப்பாடல்களில் பொருள் தேடப் பிரிந்த தலைவன் திரும்பும் பருவத்தைச் சொல்லிவிட்டுப் போவான். இவனுக்கோ அந்த நாளைக் குறிக்கும் உரிமைகூட இல்லை. இது தெரிந்தபின் கேட்டால், பொதுவான காதல் வரிகளாகத் தோன்றியவை கணக்கு வைத்து எழுதியவையாகத் தெரியும்.

படத்தில் பாடியவர் டாட் டங்கன். கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' இசைநாடகத்தில் 1935-இல் முதன்முதலாகப் போர்கியாக நடித்த கறுப்பினப் பாடகர். இசைநாடக மேடையின் பெருங்குரல் அவருடையது. ஆயினும் இங்கே அதை அடக்கியே பாடுகிறார். சுற்றியிருக்கும் கைதிகளுக்குக் கேட்டால் போதும் என்பது போன்ற குரல். அந்த அளவே காட்சிக்கு உரியது.

படம் வந்த ஆண்டிலேயே இசைத்தட்டுகள் குவிந்தன. லெஸ் பாக்ஸ்டரின் இசைக்குழுவும் கூட்டுக்குரலும் சேர்ந்த தட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. டியூக் எலிங்டன் குழுவில் பாடியிருந்த, பார்வையற்ற பாடகர் அல் ஹிப்லரும், ராய் ஹாமில்டனும் தனித்தனியே பாடிப் புகழ் பெற்றனர். பிரிட்டனில் ஜிம்மி யங் முதலிடம் பிடித்தார். ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது, பரிசு கிடைக்கவில்லை. ஒரு பெரிய கூட்டுக்குரல் பாடும்போது தனிமை என்ன ஆகும் என்பதற்குப் பாக்ஸ்டரின் தட்டு நல்ல எடுத்துக்காட்டு. அதில் இனிமை உண்டு, காத்திருப்பவன் இல்லை.

இன்று பலருக்கும் தெரிந்த வடிவம் 1965-இல் 'ரைட்டியஸ் பிரதர்ஸ்' என்ற இருவர் குழு வெளியிட்டது. பெயரில் இருவர் இருந்தாலும் பாடுபவர் பாபி ஹாட்ஃபீல்டு ஒருவரே. தட்டின் முதற்பக்கத்தில் வேறு பாட்டு இருந்தது. வானொலியினர் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டதால் இது நான்காம் இடம்வரை ஏறியது. ஹாட்ஃபீல்டு இறுதிப் பகுதியில் மெட்டை மாற்றி உச்ச சுரத்துக்குப் பாய்கிறார். அதற்கு முன் அவர் எவ்வளவு பொறுமையாகப் பாடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பொறுமைதான் பாய்ச்சலுக்கு வலுவூட்டுகிறது. பின்னால் வந்த பலர் பாய்ச்சலை மட்டும் கற்றுக்கொண்டனர்.

1990-இல் 'கோஸ்ட்' திரைப்படம் இப்பதிவுக்கு மறுவாழ்வு தந்தது. காதலர் இருவரும் குயவர் சக்கரத்தின் முன் நெருங்கி அமர்ந்திருக்க, பாட்டு ஒலிக்கிறது. பிரிவுப் பாட்டு கூடலுக்குப் பின்னணியாவது பொருத்தமா என்று கேட்கலாம். காதலன் கொல்லப்பட்ட பின்னரே பொருத்தம் விளங்குகிறது. படத்தின் வெற்றியைத் தொடர்ந்து ஹாட்ஃபீல்டு பாடலைப் புதிதாகவும் பதிவு செய்தார். பழையதும் புதியதும் ஒரே காலத்தில் அமெரிக்கப் பட்டியலில் முறையே 13, 19 ஆகிய இடங்களைத் தொட்டன. பழையதே முன்னின்றது நியாயமே.

பிரிட்டனில் பழைய பதிவு அதே ஆண்டு முதலிடம் பெற்றது. பின்னர் தொலைக்காட்சி நடிகர்களான ராப்சன், ஜெரோம் இருவரும் 1995-இலும், இளம் பாடகர் காரத் கேட்ஸ் 2002-இலும் அதே இடத்தைப் பிடித்தனர். இவ்விரண்டும் நன்றாக விற்றன. அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

எல்விஸ் பிரெஸ்லியின் பதிவு வேறு வகை. 1977 ஜூன் 21 அன்று ராபிட் சிட்டி நகர மேடையில், தாமே பியானோ வாசித்தபடி பாடிய காட்சி படமாக்கப்பட்டுள்ளது. உடல் பருத்து, முகம் வியர்த்து, மூச்சுக்குப் போராடுகிறார். அவர் இறந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 16-இல். சுருதிச் சுத்தம் தேடுவோர் ஹாட்ஃபீல்டிடம் செல்லலாம். ஆனால் காலம் போதாதே என்ற கவலை கேட்பது இந்தப் பதிவில்தான். டங்கன் ஏற்ற கைதிக்கு மிக அருகில் வருபவரும் எல்விஸ்தான்.

முதலில் பாடிய டங்கனின் பெயரோ, 1955-இன் வெற்றிப் பட்டியலில் இல்லை.