களத்து நெல்லும் ராச்சோறும்: தமிழ்ப் புனைகதையில் முதிய பெண்ணின் அன்றாடம்

திறவுச்சொற்கள்: முதுமை, அன்றாடம், உணவு, கூலி, யுகசந்தி, கோவேறு கழுதைகள், சங்கதி

பருவக் கணக்கின் எல்லை

பாட்டியல் நூல்கள் பெண்ணின் வாழ்வைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களாக வகுக்கின்றன. வயதெல்லை நூலுக்கு நூல் சற்று மாறினும், கணக்கு ஏறத்தாழ 40 வயதோடு முடிந்துவிடுகிறது. கடைசிப் பருவத்தின் பெயரிலும் 'இளம்' என்னும் அடை நீங்கவில்லை. ஆடவர் பருவங்களைச் சொல்லுமிடத்தில் பன்னிரு பாட்டியல் முதுமகனைச் சேர்த்துக்கொள்கிறது. முதுமகளுக்கு அங்கு இடமில்லை. உலா இலக்கியத்தின் தேவையை ஒட்டி எழுந்த வகைப்பாடு இது என்று அமைதி கூறலாம். தலைவனின் பவனியைக் கண்டு மயங்குவோரை வரிசைப்படுத்தும் இலக்கியத்தில் மூதாட்டிக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். ஆயினும் ஒரு சமூகம் எந்த வயதோடு பெயரிடுவதை நிறுத்திக்கொள்கிறது என்பது பொருட்படுத்தத் தக்க செய்தியே.

மூத்த பெண் பழைய இலக்கியத்தில் இல்லாமல் இல்லை. அகத்திணையில் செவிலியும் நற்றாயும் பேசுகின்றனர். ஆனால் அவர்கள் பேச்சு முழுவதும் மகளைப் பற்றியது. புறநானூற்றில் பூங்கணுத்திரையாரின் பாடலும் (277) காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாடலும் (278) முதிய தாயின் உடலை அருகிருந்து காட்டுகின்றன. நரைத்த கூந்தலும் நரம்பெழுந்த தோளும் கண்முன் நிற்கின்றன. எனினும் அவ்வுடல் பாடலுக்குள் வருவது மகனின் வீரச் சாவுக்குச் சான்றாக மட்டுமே. போர் முடிந்த மறுநாள் அந்தத் தாய் எதை உண்டாள், யார் வீட்டில் இருந்தாள் என்று பாடல் கேட்பதில்லை.

இவற்றினின்றும் வேறுபட்டது ஒக்கூர் மாசாத்தனாரின் பாடல் (248). இளமையில் தழையாடையாக உதவிய அதே அல்லி, கணவன் இறந்தபின் பொழுது தப்பி உண்ணும் புல்லரிசி உணவாகிறது. பெருநிகழ்ச்சி எதுவும் இங்குச் சொல்லப்படவில்லை. ஒரு நீர்ச்செடி உடையிலிருந்து உணவுக்கு இடம்பெயர்கிறது. வாழ்வின் ஏற்றமும் இறக்கமும் அந்த இடப்பெயர்ச்சிக்குள் அடங்கிவிடுகின்றன. பாடலின் பெண் முதியவளா என்பதற்கு உள்ளே உறுதியான சான்றில்லை. ஆனால் முதிய பெண்ணின் வாழ்வை அளக்கத் தமிழ் கண்டெடுத்த பழைய அளவுகோல் இப்பாடலில்தான் உள்ளது: அவள் கைக்கு என்ன வருகிறது, அவள் கையிலிருந்து என்ன போகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு நவீனப் புனைகதைகள் சிலவற்றைப் படித்துப் பார்க்கிறது இக்கட்டுரை.

இவ்வாறு படிக்க வேண்டிய தேவை எழுவதற்குக் காரணம் உண்டு. பெண்ணிய நோக்கில் அமையும் ஆய்வேடுகளில் முதிய பெண் பெரும்பாலும் இரு பெட்டிகளுள் ஒன்றில் அடைக்கப்படுகிறாள். மருமகளை ஒடுக்கினால் மரபின் காவலர். பேத்திக்குப் பரிந்து பேசினால் புதுமைப் பெண். இரண்டிலும் அவள் ஓர் இளம்பெண்ணின் கதைக்குத் துணைப்பாத்திரமாகவே மதிப்பிடப்படுகிறாள். நச்செள்ளையாரின் தாய்க்கு மகன் எப்படியோ, இன்றைய ஆய்வேட்டின் பாட்டிக்குப் பேத்தி அப்படி.

கௌரிப் பாட்டி இழப்பது

ஜெயகாந்தனின் 'யுகசந்தி' (1963) இவ்வகை வாசிப்புக்கு அதிகம் இரையான கதை. இளம் வயதில் கைக்குழந்தையோடு கைம்பெண்ணான கௌரிப் பாட்டி, மணமான சில மாதங்களிலேயே கணவனை இழந்த பேத்தி கீதாவுக்குத் துணையாக நெய்வேலியில் இருக்கிறாள். ஆசிரியையாகப் பணிபுரியும் கீதா மறுமணம் செய்துகொள்ள முடிவெடுத்துத் தந்தைக்கு எழுதிய கடிதத்தைக் கடலூருக்குக் கொண்டுவருபவளும் அவளே. மகன் கணேசய்யர் மகளைத் தலைமுழுகத் துணிகிறார். தன்னையும் சேர்த்துத் தலைமுழுகிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பாட்டி பேத்தியிடமே திரும்புகிறாள். கைம்பெண் மறுமணத்தை ஆதரித்த கதை என்று பாடநூல்களும் ஆய்வுகளும் இதனை ஒரு வரியில் சுருக்கிவிடுகின்றன.

அச்சுருக்கம் தவறில்லை, ஆனால் அது கீதாவின் கதை. கௌரிப் பாட்டியின் கதை பேருந்திலிருந்து இறங்கும் முதிய உடலில் தொடங்குகிறது. வெயில், கைச்சுமை, நடக்கவேண்டிய தொலைவு ஆகியவற்றுக்கு ஜெயகாந்தன் கொடுக்கும் இடம் சூழல் வருணனைக்கு வேண்டிய அளவினும் மிகுதியானது. இறுதியில் அவள் திரும்பிப் போகப்போவது இதே வழியில்தான். இந்த வயதில் இந்த உடலோடு மகன் வீட்டை விட்டுப் புறப்படுவது எத்தகைய செயல் என்பதை வாசகர் அறிய வேண்டுமானால், முதலில் அவள் நடந்து வந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

அவள் விட்டுச் செல்வது எது? மகன் வீடு என்பது ஒரு கைம்பெண்ணுக்கு வெறும் உறைவிடமன்று. கைக்குழந்தையாக இருந்த அந்த மகனைக் கொண்டே அவள் தன் வாழ்நாளை நியாயப்படுத்தி வந்திருக்கிறாள். மருமகளும் பேரக்குழந்தைகளும் அவள் வரவுக்குக் காத்திருக்கும் வீடு அது. ஆசாரத்துக்கு இடையூறில்லாத அடுப்பும் கிணறும் உள்ள வீடு. எல்லாவற்றையும் அவள் ஒரே பிற்பகலில் இழக்கிறாள். கீதா ஒரு வாழ்வைப் பெறுகிறாள். பாட்டிக்கு அந்தக் கணக்கில் வரவு என்று எதனை எழுதுவது என்பது எளிதில் விடைகாண முடியாத கேள்வி.

நாவிதர் வேலாயுதம் இங்குத்தான் முக்கியமாகிறார். கௌரிப் பாட்டியின் தலையை நெடுங்காலமாக மழித்து வருபவர் அவர். பேத்தி மீதிருந்து கைம்மைக் கோலத்தை நீக்க முற்படும் பாட்டி, தன் தலையிலிருந்து அதனை நீக்கிக்கொள்வதில்லை. இதனை முரண்பாடு என்று குறைகூறும் வாசிப்பும், தியாகம் என்று போற்றும் வாசிப்பும் ஒன்றைத் தவறவிடுகின்றன. மழித்த தலை அவளுக்குக் கொள்கையன்று, வழக்கம். மாதந்தோறும் உடம்பு கேட்கும் வேலை. நெய்வேலிக்குப் போய்விட்டால் அதற்கு யாரைத் தேடுவது என்பது முதியவளுக்கு நேரும் உண்மையான நடைமுறைச் சிக்கல். காலத்தின் சந்திப்பு என்று தலைப்பு பெரிதாக அறிவிப்பதை, ஒரு கிழவியும் அவளுடைய நாவிதரும் பேசிக்கொள்ளும் சிறு பேச்சில் ஜெயகாந்தன் நிலத்துக்குக் கொண்டுவருகிறார். கணேசய்யரின் வீட்டில் நிகழும் வாக்குவாதத்தைவிட இவ்வுரையாடலே கதையின் வலிமையான பகுதி. வாக்குவாதத்தில் ஆசிரியரின் குரல் சில இடங்களில் பாட்டியின் குரலை மீறி ஒலிக்கிறது. வேலாயுதத்திடம் பேசும்போது அவள் அவளாகவே இருக்கிறாள்.

அடுப்பின் அதிகாரம்

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' (தொகுப்பு, 1988) ராஜஸ்தானக் குடும்பம் ஒன்றைக் களமாகக் கொண்டது. இருண்ட சமையலறையும் அதில் ஜீஜி செலுத்தும் ஆட்சியும் மருமகள் மீனாட்சியின் பார்வையில் விரிகின்றன. இக்கதை விரிவாக ஆராயப்பட்டுவிட்டது. இங்குச் சுட்ட வேண்டியது ஒன்றே. சமையலறை அதிகாரம் பொய்யான அதிகாரம் என்று மீனாட்சி உணர்வதைத் திறனாய்வாளர்கள் கதையின் முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் மூத்தவளான படீ ஜீஜிக்கும் ஜீஜிக்கும் அது பொய்யாக இருந்ததில்லை. யாருக்கு எவ்வளவு உணவு என்பதைத் தீர்மானிக்கும் கை, அவ்வீட்டில் முதுமைக்குக் கிடைத்த ஒரே காப்பீடு. அது கை மாறும் நாளில் மூத்த பெண் எவ்வளவு தாழ்வாள் என்பதை இருவரும் அறிவர். மீனாட்சி சொல்வது சரியாகவே இருக்கலாம். அதனை அவள் நோய்ப்படுக்கையில் கிடக்கும் முதியவளிடம் சொல்கிறாள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஆரோக்கியத்தின் கணக்கு

அடுப்பை ஆளும் வாய்ப்புள்ள முதிய பெண்ணிலிருந்து, பிறர் வீட்டு அடுப்பையே நம்பி வாழும் பெண்ணுக்கு வரும்போது அளவுகோல் இன்னும் கூர்மையடைகிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பத்தின் கதை. நாவல் வெளிவந்தபோது எழுந்த விவாதம், ஒடுக்கப்பட்டோருக்குள் நிலவும் ஒடுக்குமுறையைக் காட்டியது சரியா என்பதைச் சுற்றியே நடந்தது. அவ்விவாதம் அவசியமானது. ஆயினும் அதன் இரைச்சலில் ஒன்று கேட்காமல் போயிற்று: இது ஆரோக்கியம் என்னும் பெண் முதுமையை நோக்கிச் சாயும் ஆண்டுகளின் கதையும்கூட.

ஆரோக்கியத்தின் நாள் வேலைகளால் ஆனது. வீடு வீடாக அழுக்குத் துணி எடுத்தல், வெள்ளாவி வைத்தல், துவைத்துக் காயவைத்தல், இருட்டியபின் சட்டியோடு போய் ராச்சோறு வாங்குதல். பேறுகாலத்துக்கும் சாவுக்கும் அவளே வேண்டும். அறுவடையில் களத்துக்குப் போய்த் தனக்குரிய நெல்லைக் கேட்டுப் பெற வேண்டும். இவற்றுள் எதற்கும் எழுதிவைத்த கூலி கிடையாது. கொடுப்பவர் மனமும் கேட்பவள் வாயும் சேர்ந்தே அளவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே ஆரோக்கியத்தின் பேச்சு அவளுடைய தொழிற்கருவிகளுள் ஒன்று. அவள் வாழ்த்துகிறாள், கெஞ்சுகிறாள், பழைய உதவிகளை நினைவூட்டுகிறாள், ஆள் மறைந்தபின் திட்டுகிறாள். நாவலின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் அவளது புலம்பலைக் கூறியது கூறல் என்று குறைகாண்பது எளிது. கணக்கேடு இல்லாதவள் கணக்கை வாயால்தான் வைத்துக்கொள்ள முடியும். எந்த வீட்டுப் பிள்ளையைத் தான் கையேந்தி எடுத்தாள், எந்தச் சாவுக்கு எவ்வளவு உழைத்தாள் என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்வது வராக்கடன்களின் பட்டியல். கூறியது கூறல் இல்லாமல் அந்தப் பேரேட்டை எழுத வழியில்லை.

ராச்சோற்றுச் சட்டியும் அத்தகைய ஏடுதான். எல்லா வீட்டுச் சோறும் குழம்பும் ஒரே சட்டியில் விழுகின்றன. எந்த வீட்டில் தாராளம், எந்த வீட்டில் முடை என்பதை அச்சட்டியைச் சுமப்பவள் பிறருக்கு முன் அறிவாள். தன் சரிவையும் அவள் அச்சட்டியின் கனத்தைக் கொண்டே உணர்கிறாள். ஊரார் தம் துணியைத் தாமே துவைத்துக்கொள்ளவும் நகரத்தில் சலவைக்குப் போடவும் தொடங்குகிறார்கள். அவளை இழிவுபடுத்திய ஏற்பாடு தளர்வது வரலாற்று நோக்கில் நல்ல மாற்றம். ஆனால் அந்த ஏற்பாட்டைத் தவிர வேறொன்றையும் அறியாத முதிய பெண்ணுக்கு அது பட்டினியாகவே வந்து சேர்கிறது. மூத்த மகன் ஜோசப் மனைவி சகாயத்தோடு சின்னசேலத்துக்குப் போய்விடுகிறான். இளையோருக்குத் தப்பிக்க ஓர் ஊர் இருக்கிறது. ஆரோக்கியத்துக்கும் சவுரிக்கும் அதுவும் இல்லை. சாதித் தொழிலின் சிதைவை விடுதலையாக மட்டும் வாசிக்கும் ஆய்வுகள், அவ்விடுதலைக்கு முந்திய தலைமுறைப் பெண் என்ன விலை கொடுத்தாள் என்று கேட்பதில்லை. இமையம் கேட்கிறார், ஆனால் பழைய ஏற்பாடே நல்லது என்ற ஏக்கத்துக்குள் நாவலை வழுக்கி விழவும் விடவில்லை. மகள் மேரிக்கு நேரும் பாலியல் வன்கொடுமையும் அதனை வெளியே சொல்ல முடியாத தாயின் நிலையும் அந்த ஏக்கத்துக்கு இடமளிக்காதவாறு நாவலின் நடுவே நிற்கின்றன.

ஒன்று குறையாகப் படுகிறது. ஆரோக்கியத்தின் மகிழ்ச்சிகளுக்கு நாவல் போதிய இடம் தரவில்லை. அந்தோணியார் கோயிலுக்குக் குடும்பத்தோடு நடந்து போகும் தொடக்கப் பகுதியில் நம்பிக்கையும் ஆசையும் ததும்புகின்றன. இளைய மகன் பீட்டரைச் சாமியாராக்கிப் பார்க்கும் கனவு அவள் நடையிலேயே தெரிகிறது. பின்னர் அத்தகைய பொழுதுகள் அருகிவிடுகின்றன. உழைக்கும் பெண்ணின் நாளில் துயரத்துக்கு நடுவே நகைப்பும் வம்பும் இருக்கும். சரிவைக் காட்டும் முனைப்பில் ஏற்றங்கள் சில உதிர்ந்துபோயின.

வெள்ளையம்மாக் கிழவி சொன்னவை

அந்நகைப்பைக் காண பாமாவின் 'சங்கதி'க்கு (1994) வரவேண்டும். கதைசொல்லியின் பாட்டி வெள்ளையம்மா, தெருவில் பிள்ளைப்பேறு பார்ப்பவள். இலங்கைக்குப் போன கணவன் திரும்பவில்லை. அவள் காத்திருந்தாள், பிறகு பஞ்சத்தில் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டித் தாலியைக் கழற்றி விற்றாள். கௌரிப் பாட்டியின் உலகில் தாலி நீங்குவது ஒரு பெண்ணின் தலைமுடியையும் உணவையும் படுக்கையையும் சேர்த்துப் பறிக்கும் நிகழ்ச்சி. வெள்ளையம்மாவின் உலகில் அது சில நாள் சோற்றுக்கான தங்கம். ஒரே பொருள் இரு முதிய பெண்களின் வாழ்வில் இவ்வளவு வேறாக எடையிடப்படுவதைக் காணாமல், 'கைம்மை' என்னும் ஒரே தலைப்பின்கீழ் இரண்டு பிரதிகளையும் அடுக்கிவைக்கும் ஒப்பாய்வு பயன் தராது.

பேத்தி படித்தவள். பாட்டி சொல்வதைக் கேட்கிறாள், மறுக்கிறாள், கேள்வி கேட்கிறாள், தன் முடிவுகளுக்கு வருகிறாள். கிழவியோ முடிவுகளுக்கு வருவதில் அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை. அடுத்த சங்கதிக்குப் போய்விடுகிறாள். தாலியை விற்றதும் அவளுக்கு அவ்வரிசையில் ஒன்று. முன்னும் பின்னும் வேறு பசிகள், வேறு பிள்ளைகள், வேறு வீடுகளின் பேறுகாலங்கள்.