மலை இல்லாத ஊரில் மலை சைக்கிள்

மல்லாங்கிணற்றைச் சுற்றி மலை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல், ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். மலையைப் பார்க்க மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்தான் போகணும். ஆனாலும் நம்ம வட்டாரத்துப் பையன்கள் கேட்பது ‘மவுன்டன் பைக்’தான். தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், கலர் கலராக ஸ்டிக்கர். நாமும் கடனை உடனை வாங்கியாவது எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

ஆறே மாதத்தில் அடுத்த மனு வரும். ‘‘இந்த ஃபோர்க் சரியில்லப்பா, நல்லதா மாத்தணும். கியர் பின்னால ஏழுதான் இருக்கு, ஒன்பதாக்கிடலாம்!’’

மாற்றலாமா?

விலை குறைந்த மலை சைக்கிளில் பணம் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். கண்ணில் படும் இடத்தில்! அந்த ஃபோர்க்குக்குள் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். எம்பும், அடங்காது. சமதரையில் நம் மிதியைத் தின்னும், எடையும் கூட. கண்ணில் படாத பிரேக் கட்டை, பால்ரஸ், டயர் இவற்றில்தான் கம்பெனிகள் கையைச் சுருக்குகின்றன. கியர் கதை இன்னும் மோசம். ஏழு பல்சக்கரம் பெரும்பாலும் திருகி மாட்டும் ஃப்ரீவீலில் இருக்கும். ஒன்பதுக்குப் போனால் ஹப், செயின், கியர் லீவர் எல்லாம் மாறணும். ஒன்றைத் தொட்டால் நாலு வரும்.

பாகம் மாற்றுவதே தப்பு என்று சொல்லவில்லை. மலை சைக்கிள் பிறந்ததே அப்படித்தான். 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் பழைய தடி டயர் சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் சூடேறி, உள்ளே கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் புதுசாக கிரீஸ் அடைக்கணும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். எரிந்ததால் பிரேக்கை மாற்றினார்கள். மேடேற முடியாததால் கியர் போட்டார்கள். 1977-ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புது ஃபிரேம் செய்தார். பாதை கேட்டதை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நம்ம பாதை என்ன கேட்கிறது? கருவேல முள்ளுக்குப் பதில் கேட்கிறது. டயருக்கும் டியூபுக்கும் நடுவே ஒரு பட்டை போடுங்கள். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிப் போட்டாலும் பஞ்சர் குறையும். அடுத்து பிரேக் கட்டை. பட்டாசு லோடு லாரிகள் ஓடும் ரோட்டில் பையன் போகிறான், இதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். செயினை ஸ்கேல் வைத்து அளங்கள். பன்னிரண்டு அங்குலம் இருக்கவேண்டிய இடத்தில் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் மாற்றிவிடுங்கள். விட்டால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். வருஷத்துக்கு ஒருமுறை ஓவராயிலிங், சக்கரத்தில் கோட்டம் எடுப்பது. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு நல்ல ஃபோர்க்கின் விலை வராது.

பையன் நிஜமாகவே மலைப்பாதையில் ஓட்டப் போகிறானா? அப்போதும் இதற்குப் பாகம் பாகமாகச் செலவழிக்காதீர்கள். இதை விற்று, மேலே பணம் போட்டு நல்லதாக ஒன்று வாங்குவதே லாபம்.

ஒரு வருஷம் ஓட்டட்டும். அதற்கப்புறமும் ஃபோர்க் கேட்டால், ‘‘எந்த ரோட்டுலடா வேணும்னு தோணுச்சு?’’ என்று கேளுங்கள். ரோட்டின் பெயரைச் சொன்னால் யோசிக்கலாம். சிநேகிதன் பெயரைச் சொன்னால், இரண்டு டியூப் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்!