சவாரிக்கு ஏறிய வாசல்

எழுத்துக்கூட்டிப் படிக்க வங்க எழுத்தாளர் மனோரஞ்சன் ப்யாபாரி கற்றது சிறையில். வெளியே வந்து கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ரிக்‌ஷா மிதித்தார். சவாரி இல்லாத நேரமெல்லாம் புத்தகம்தான். ஒருநாள் ஏறிய ஓர் அம்மாவிடம் புரியாத சொல் ஒன்றுக்குப் பொருள் கேட்டார். அவர் எழுத்தாளர் மகாசுவேதா தேவி! தன் ‘பர்த்திகா’ இதழுக்கு எழுதச் சொன்னார். ரிக்‌ஷா பிழைப்பைப் பற்றிய அந்த முதல் எழுத்து 1981இல் அச்சேறியது.

பிறகு தன்வரலாற்றுக்கு 2018ஆம் ஆண்டின் ‘தி இந்து’ பரிசு. நாவல்கள் ஜேசிபி இலக்கியப் பரிசின் இறுதிப் பட்டியலில். பரிசுகள் இருக்கட்டும், ‘இமான்’ நாவலைப் பாருங்கள். சிறைக்குள்ளேயே வளர்ந்தவன் விடுதலையாகி, ஜாதவ்பூர் ரயில் நிலையத்தில் குப்பை பொறுக்கிப் பிழைக்கிறான். பரிதாபத்துக்குக் கையேந்தாத நடை. அருணவ சின்ஹாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. ப்யாபாரியை அதிலிருந்தே தொடங்குங்கள்.